பத்லி நீட்டிய கை

என்னங்க,

ரசம் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். ஊறுகாயை ஒளித்துவிட்டேன், தேடாதீர்கள்.

நேற்று குழாயடியில் கண் இருட்டி உட்கார்ந்தீர்களே, அந்தப் பயத்தில்தான் உங்கள் தம்பி சாலமன் உண்மையைக் கக்கினான். சர்ச் ஹாலில் நடந்த பி.பி. முகாமில் உங்கள் பேரைச் சொல்லிக் கை நீட்டியது அவனாம். "அண்ணன்தான் எனக்குப் பதிலா பத்லி போடான்னாரு அண்ணி, நான் இன்னா பண்றது?" என்கிறான். மைன்ஸ் இருந்தபோது உங்கள் அப்பாவின் ஷிப்டுக்கு வேறு ஆள் பத்லியாக இறங்கியிருக்கலாம். உங்கள் ரத்தத்துக்கு எவன் பத்லி? அவனுடைய 'நார்மல்' சீட்டை ஃபிரிட்ஜில் ஒட்டி, மூன்று மாதமாக ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன், பைத்தியக்காரி.

பதினோரு மணிக்கு நர்ஸ் ஆனி அக்கா வீட்டுக்கே வருகிறார். ரத்தக்குழாய்க்கு எத்தனை வயது என்று காட்டும் மெஷினும் கொண்டுவருவார். உங்களுக்கு நாற்பத்திரண்டு. அது அறுபதென்று காட்டினாலும் காட்டட்டும், எனக்குத் தெரிய வேண்டும்.

ராத்திரி கத்தியதை மனதில் வைக்காதீர்கள். உங்கள் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு ரயில் பிடிக்கக் கிளம்புகிறேன்.

டெய்சி

கதவை இழுத்துப் பார்த்துக் கத்தாதீர்கள், பி.பி. ஏறும். வெளியே பூட்டிவிட்டேன். சாவி ஆனி அக்காவிடம்.