படம் வந்த பிறகும்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குச் சளி விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. கிரிக்கெட் இறுதி ஆட்டம் பார்ப்பதற்கென்றே புது டிவி வாங்கியிருந்தேன். கடைசி ஐந்து ஓவர் இருக்கும்போது படம் போய்விட்டது. கோபமாகப் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், என் பெயரைக் கேட்டதும் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். நான் வேலை பார்க்கும் கிடங்கில் யாருக்கும் தமிழ் தெரியாது.

"ஒயரைக் கழட்டி மாட்டுங்க சார்" என்றார். மாட்டியதும் படம் வந்துவிட்டது. நான்தான் சொல்லவில்லை.

"இப்ப வருதா சார்?"

"இல்லைங்களே."

அவர் சொன்னதையெல்லாம் செய்வதுபோல் பத்து நிமிடம் இழுத்தேன். திடீரென்று ஒரு விக்கெட் விழ, என்னையறியாமல் கத்திவிட்டேன். அவர் சிரித்தார்.

"டிவி சத்தம் அப்பவே கேட்டுச்சு சார். பரவால்ல, இந்த ஓவர் முடியட்டும், அப்புறம் வைக்கிறேன்."

கவலைப்பட ஒன்றுமில்லை. ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். புதன்கிழமை அடுத்த தொடர் தொடங்குகிறது. அன்றைக்குப் போன் செய்வேன். "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று உடனே கொடுத்துவிடாதீர்கள் அப்பா.

உங்கள் மகன்