நான் வெட்டிய வரி

மே 12, செவ்வாய்

கச்சான் காற்று. சட்டைக் கொலரெல்லாம் புழுதி. வாங்க: மண்ணெண்ணெய், சிவப்பு மை, மனைவி நேசத்துக்கு வெற்றிலை.

பள்ளிக்கூட முத்தமிழ் விழாவில் இத்தனை வருடமும் என் வெண்பாதான் முதலில். இந்த முறை தம்பிராசா மாஸ்டரின் 'மலைப் பாதை' பாட்டாம். ஒரே ஒரு தடவை சிவனொளிபாத மலை ஏறிவிட்டு வந்தவர். நான் ஏறிய ஆக உயர்ந்த இடம் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி. தலைமை ஆசிரியர் சொல்கிறார்: "யாப்பு கீப்பு பாத்து, பிள்ளைகளையும் பழக்கி விடுங்க மாஸ்டர்." என்னிடமே!

வயிறு எரிகிறது. இங்கே எழுதாமல் வேறெங்கே எழுத.

மே 13, புதன்

படித்தேன். "கல்லு வழி, முள்ளு வழி." லகரத்துக்கு ளகரம் எதுகையா? ஒரு சீர் நீளம், ஒரு சீர் கட்டை. நொண்டி நடை. நாலு வரிக்கு ஒருக்கால் அதே பல்லவி: "இன்னும் கொஞ்சம் ஏறு மச்சான், இன்னும் கொஞ்சம் ஏறு." சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் சொன்னதையே சொல்ல வேண்டியதுதான்.

முதல் இடத்தில் மட்டும் விட்டு, மற்ற எல்லா இடத்திலும் பல்லவியைச் சிவப்பு மையால் வெட்டினேன். நல்ல பசி. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மே 14, வியாழன்

ஒத்திகை. தம்பிராசா பின்வரிசை வாங்கில் வந்து இருந்தார். வெட்டியதைக் கண்டதும் முகம் வாடிப்போயிற்று.

"மலையில ஏலாமப் போகக்குள்ள எல்லாரும் அதத்தான் மறுகா மறுகா சொல்லி ஏறின நாங்க. சரி மாஸ்டர், உங்களுக்குத் தெரியாத யாப்பா."

சண்டை பிடித்திருக்கலாம். அந்த மரியாதையும் எரிச்சல்தான்.

மே 16, சனி

தொண்டை கட்டு. கொத்தமல்லித் தண்ணீர் குடித்தபடி எழுதுகிறேன்.

விழா முடிந்தது. பிள்ளைகள் நான் வெட்டியபடியே ஒழுங்காகப் பாடினார்கள். முதல் நாலு வரி, பல்லவி. அடுத்த நாலு வரி முடிந்து மூச்சு வாங்க நின்றார்கள். வந்திருந்ததோ கூத்துப் பார்த்துப் பழகிய சனம். கூத்தை ஆட்டுவிக்கும் அண்ணாவியார் ஒரு வரி பாடினால் திருப்பிப் பாடாமல் இருக்காது. மண்டபம் முழுக்க: "இன்னும் கொஞ்சம் ஏறு மச்சான்!" மறுபடி நாலு வரி, மறுபடி சனம். கால் தட்டல் வேறு. வயலை விட்டு வந்த வெல்லாவெளிக் கமக்காரர்கள் சால்வையைச் சுழற்றினார்கள். நொண்டிய சீரெல்லாம் தட்டிய காலுக்குச் சரியாக விழுந்தது. என் வெண்பாவுக்கு இன்றுவரை ஒருவர் வாய் திறந்ததில்லை. தம்பிராசா அழுதார். பாவி, அதுவும் வடிவாக அழுதார்.

வரும் வழியில் நேசத்திடம், "இதென்ன பாட்டு, ஒரே வரி திருப்பித் திருப்பி" என்றேன்.

"ஓம். உங்கட சத்தந்தான் எல்லாருக்கும் மேலால கேட்டிச்சு" என்றாள்.