சிவப்புக் கண்ணாடியும் என் கூறைச் சேலையும்

ஏனுங்க மாமா,

இப்படிக் கூப்பிட்டு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. நீங்கள் இருக்கிற இடத்தில் இந்தக் குரலுக்கு எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களோ தெரியாது. ஆனாலும் உங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லாரும் பாதையைப் பார்த்து நடக்கும்போது ஒருவர் மட்டும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு வழியில் நின்றால் அது நீங்கள்தான்.

முதலில் நல்ல சேதி. நாமக்கல்லில் நம் போட்டோக் கடை திறந்திருக்கிறது. நீங்கள் போன பதினாறாம் நாளே பங்காளிகள் வந்து, பொம்பளைக்கு எதற்கு இந்தப் பெட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார்கள். உங்கள் அம்மா, அதுதான் என் அத்தை, காமிராவின் மேல் ஈரத்துணியைக் காயப்போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். துணி காய்ந்தது. பங்காளிகளும் கிளம்பிவிட்டார்கள்.

இப்போது நான்தான் படம் எடுக்கிறேன். காமிராவின் மடிப்புத் துருத்தியில் இருந்த கிழிசலுக்கு உங்கள் பழைய குடைத்துணியை வெட்டி ஒட்டுப் போட்டேன். பெண்கள் முன்பைவிட அதிகமாக வருகிறார்கள். உங்கள் முன்னால் கழுத்தில் விறகைக் கட்டிவைத்த மாதிரி உட்கார்ந்தவர்கள், என் முன்னால் சிரிக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மீசை அப்படி.

நேற்று மோகனூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். நான் வழக்கம்போல சிவப்புக் கண்ணாடியை ஒரு கண்ணில் வைத்து அவளைப் பார்த்தேன். "எதுக்குங்க அக்கா அது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கடைசிப் பாகம் தெரியாது.

நம் கல்யாணமான மூன்றாம் நாள். மதராஸிலிருந்து உங்களுக்கு ஒரு புது பிலிம் பொட்டலம் வந்திருந்தது. சாதாரண பிலிமுக்குச் சிவப்பு என்றால் குருடு, இது சிவப்பையும் பார்க்கும், சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்கு எட்டாததையும் கொஞ்சம் பார்க்கும் என்று புதுப்பெண்டாட்டியை உட்காரவைத்துப் பாடம் நடத்தினீர்கள். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் மட்டும் விளங்கியது. கூடவே லென்ஸின் முன்னால் மாட்டுகிற வட்டக் கண்ணாடிகள் மூன்று. மஞ்சள், பச்சை, சிவப்பு.

சிவப்பைப் போட்டால் வானம் கறுத்து, மேகம் தனியாக எழுந்து நிற்கும் என்றீர்கள். என்னைக் கூறைச் சேலையோடு நாமகிரிப்பேட்டைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், கொல்லிமலை பின்னால் தெரிகிற மாதிரி கடலைக்காட்டு வரப்பில் நிறுத்தினீர்கள். செக்கச் செவேலென்ற சேலை. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். அந்தக் கண்ணாடிக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், நான் மூன்று எண்ணும்வரை அசையாதே என்றீர்கள். முதல் இரண்டு பிலிமையும் பழக்கதோஷத்தில் இருட்டறையின் சிவப்பு விளக்கைப் போட்டுக் கழுவி, சட்டிக்கரி மாதிரி கொண்டுவந்து காட்டினீர்கள். சிவப்பைப் பார்க்கிற பிலிம் என்று எனக்குப் பாடம் சொன்னவர் நீங்கள்தானே? மூன்றாவதை விளக்கை அணைத்துக் கழுவினீர்கள்.

மலை அப்படியே வந்திருந்தது. வெறும் கண்ணுக்குப் புகையாகத் தெரிகிற கொல்லிமலையில் ஓடை ஓடையாக எண்ணலாம். கறுத்த வானத்தில் கொட்டிவைத்த பஞ்சாக மேகம். தென்னை ஓலைகூட வெளுத்து மினுங்கியது. அந்த அழகுக்கு நடுவில், வெள்ளைச் சேலை கட்டி, நெற்றியில் பொட்டில்லாமல் ஒரு பெண் நின்றாள்.

நான்தான். சிவப்புக் கண்ணாடி சேலையின் சிவப்பை வெள்ளையாக்கி, குங்குமத்தை நெற்றியோடு நெற்றியாகக் கரைத்துவிட்டது. நீங்கள் மேகத்தையே பார்த்துக்கொண்டு, "பாத்தியாம்மா, எப்படி வந்திருக்குது" என்று அத்தையிடம் நீட்டினீர்கள்.

அத்தை இருபது வருஷமாக வெள்ளைச் சேலை கட்டியவர். படத்தை வாங்கிப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏண்டா சாமி, கண்ணாலமாயி மூணு நாள்ல பொண்டாட்டிய இப்படியா நிறுத்துவ?" என்று கேட்டார். அப்போதுதான் மேகத்தை விட்டு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓடிப்போய்ச் சிவப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து அத்தையின் கண்ணில் வைத்து, அதன் வழியாக என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். அவர் பார்த்தார். எடுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். இதில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான் என்று புரிந்ததும், சேவலைப் பார்த்தார், வரமிளகாயைப் பார்த்தார், வெற்றிலை போட்ட உங்கள் வாயைப் பார்த்தார். பொழுது சாயும்வரை கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. ஆனாலும் மறுநாள் கோயிலுக்குப் போய் உங்கள் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டுதான் வந்தார்.

அடுத்த வாரம் பச்சைக் கண்ணாடி போட்டு என்னை மறுபடி எடுத்தீர்கள். அது சிவப்பைக் கறுப்பாகக் காட்டுகிற கண்ணாடி. குங்குமம் நாவல்பழம் மாதிரி வந்து உட்கார்ந்தது. அத்தை அதைச் சுவரில் மாட்டினார். மேகம்தான் முன்போல எழுந்து நிற்கவில்லை என்று உங்களுக்கு மனக்குறை. "மேகமும் வேணும், உம்பட குங்குமமும் வேணும். அதே எடத்துல உன்ன நிறுத்தி ஒருநாள் எடுத்தே தீருவேன்" என்றீர்கள்.

அந்தத் தப்பிலிருந்துதானே எனக்கு வேலை கிடைத்தது? எந்தக் கல்யாணப் பெண் வந்தாலும், "பாவாயி, என்ன காணாமப் போவுது பாரு" என்பீர்கள். நான் சிவப்புக் கண்ணாடியை வைத்துப் பார்த்து, பொட்டு போகிறது, தோட்டுச் சிவப்புக்கல் போகிறது என்று சொல்வேன். சில அப்பாக்கள் அந்தக் கண்ணாடியில் முகம் வெளுப்பாக வருமாமே என்று கெஞ்சுவார்கள். பொட்டும் சேர்ந்து போகும், பரவாயில்லையா என்று நீங்கள் கேட்டதும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தப் படம் அபசகுனம் என்று சொன்னவர்களுக்கு நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் சண்டை போட்டு, சமாதானமாகி, சேர்ந்து வாழ்ந்தோம். பதினொரு வருஷம் கழித்து வந்து சேர்கிற சகுனம் எந்த ஊர்ச் சகுனம்? ஆமையை விட்டிருந்தால்கூட அதற்குள் சேலத்துக்குப் பத்து நடை போய்த் திரும்பியிருக்கும். உங்களைக் கொண்டுபோனது காய்ச்சல். படமல்ல.

ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன். வெள்ளைச் சேலை எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் கை தானாகக் குங்குமச் சிமிழைத் தேடுகிறது. உங்களை இழந்த துக்கம் ஒன்று. நெற்றியை இழந்த துக்கம் இன்னொன்று. இதை யாரிடம் சொல்ல முடியும்?

இந்த ஐப்பசியில் மழை விட்ட மறுநாள், மலை கழுவிவிட்ட மாதிரி தெரிந்தது. மேகம் நீங்கள் கேட்ட அளவில் ஏறியிருந்தது. உங்கள் பெட்டியில் சிவப்பைப் பார்க்கிற அந்தப் பிலிம் இரண்டு மிச்சம். நான் வரப்பில் நிற்காவிட்டால் என்ன, மலையையாவது எடுத்து உங்கள் ஆசையில் பாதியைத் தீர்ப்போம் என்று காமிராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அத்தையும் கூட வந்தார். கையில் ஒரு துணிமூட்டை. சோறு என்று நினைத்தேன்.

வரப்பில் காமிராவை நிறுத்தியதும் அத்தை மூட்டையை அவிழ்த்தார். உள்ளே என் கூறைச் சேலை. என்னைப் பார்க்காமல், அதன் மடிப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கட்டிக்க சாமி. அந்தச் செவப்புக் கண்ணாடியப் போட்டு எடுத்துப்புடு. ஊருக்கு வெள்ளையாத்தான தெரியப் போவுது."

நான் அழுதேன். அவர் அதட்டினார். தோட்டத்துக் குடிசைக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தேன். மடியிலிருந்து சிமிழை எடுத்து அத்தையே என் நெற்றியில் குங்குமம் வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் குங்குமத்தைத் தொடாத விரல் அது. வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

லென்ஸ் மூடியைத் திறந்து, மூன்று எண்ணி, மூட அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தேன். வரப்பில் போய் நின்றேன். அத்தைக்கு எண்ணத் தெரிந்ததெல்லாம் களத்தில் கடலை அளக்கிற எண்ணிக்கைதானே? முதல் படியை யாராவது ஒன்று என்பார்களா? "லாபம்" என்று ஆரம்பித்தார். "ரெண்டு... மூணு..." அதோடு நிறுத்தவில்லை. கை பழகிய வேகத்தில் ஆறு படி அளந்துவிட்டுத்தான் மூடினார். நாலாவது படியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விளக்கை அணைத்துத்தான் கழுவினேன், பயப்படாதீர்கள். வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போனாலும் படம் வந்துவிட்டது. அதே மலை, கறுத்த வானம், பஞ்சு மேகம். நடுவில் வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. உதடு மட்டும் சிரிப்பில் லேசாகக் கலைந்திருக்கிறது. மேகமும் குங்குமமும் ஒரே படத்தில் வேண்டும் என்றீர்களே, இரண்டும் இதில் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

கடை வாசலில் மாட்டியிருக்கிறேன். பங்காளி ஒருவர் வந்து நின்று பார்த்து, "புருசன் போன பொறகு எத்தன அடக்கமா நிக்கிறா பாருங்க" என்று பாராட்டினார். அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

இந்தக் கடிதத்தை ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். நாலு பேர் படித்தால் படத்தின் குட்டு உடைந்துவிடும், அனுப்பட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். அவர் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தவில்லை.

"அனுப்பு. ஆராவது வந்து கேட்டா, எம்பட மாமியாதான் வெச்சுவுட்டாங்கன்னு சொல்லு."

இன்னும் ஒரு பிலிம் மிச்சம் இருக்கிறது, மாமா. அடுத்த ஐப்பசிக்கு அதே வரப்பில் அதே சேலையோடு நிற்பேன். அத்தை லாபம் என்று ஆரம்பிப்பார். ஆனால் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பச்சையைப் போடுவேன். மேகம் கொஞ்சம் மங்கினால் மங்கிவிட்டுப் போகட்டும்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
உங்கள் அம்மாவின் மருமகள்,
பாவாயி