மைக்கில் சொன்ன பேர்

2011 ஜூலை 4

ஊரிலிருந்து திரும்பியாயிற்று. கோவில்பட்டியில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில், பிறகு ஷேர் ஆட்டோ. பிள்ளை வழியெல்லாம் தூங்கிவிட்டு, ஒரகடம் கூட்ரோடு வந்ததும் கண்ணைத் திறந்து ஒரு பாட்டம் அழுதாள். லாரிப் புழுதிக்கு அவளும் பழகத்தான் வேண்டும்.

அத்தை ஆரத்தி எடுத்தார். தட்டைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டார், "பேரு இன்னா வெச்சிகிறீங்க?"

வைக்கவில்லை அத்தை. பிரசவத்துக்குப் போன இடத்தில் நான், இங்கே உங்கள் மகன். போனில் சண்டை போட்டதுதான் மிச்சம்.

2011 ஜூலை 10

அவருக்குத் தமிழ்ப் பேர்தான் வேண்டும். கம்பெனியில் சங்கம் ஆரம்பித்ததிலிருந்தே இப்படி. நான் வர்ஷினி என்றால், "அதுல பாதி எழுத்து தமிழே இல்ல செல்வி" என்கிறார். அவர் சொல்வது தமிழ்க்கொடி. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கொடிக்கம்பம் என்பார்கள் என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அத்தை தனிக் கட்சி: எல்லம்மா என்று வைக்காவிட்டால் குலதெய்வம் கோபித்துக்கொள்ளுமாம்.

ஜாஸ்மின் போன் செய்தாள். கல்யாணத்துக்கு முன் நானும் அவளும் போன் செய்கிற கம்பெனியில் ஒரே லைனில் நின்றவர்கள், ஹாஸ்டலில் ஒரே அறை. "எங்களுக்கு அந்தத் தலைவலியே இல்லடி. பாஸ்டர் ஜெபம் பண்ணி ஒரு பேரு சொல்லுவாரு, அவ்ளோதான்" என்றாள். கொடுத்து வைத்தவள்.

2011 ஜூலை 17

பேர் கிடைத்துவிட்டது!

மத்தியானம் கரண்ட் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அவரும் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல ஆரம்பித்தோம். சித்திரையில் பிறந்தவள், சித்திரை வைகாசிக்குப் பள்ளிக்கூடத்தில் என்னவோ சொல்லிக் கொடுத்தார்களே, அது என்ன என்று சும்மாதான் கேட்டேன். அவர் யோசித்து, "இளவேனில்" என்றார்.

அவர் பிள்ளையைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். நானும் சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு அவ்வளவு நன்றாக இருந்தது. அவருக்குத் தமிழ், எனக்கு அழகு. எங்கள் இரண்டு வீட்டிலும் இந்தப் பேரில் யாரும் இல்லை, யார் சாயலும் இல்லாத பேர். அத்தைகூட "எலவேனி, எலவேனி" என்று பழகிக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்றுவிட்டார்.

ஆவணியில் எல்லம்மன் கோயிலில் வைத்துப் பேர் சூட்டலாம் என்று முடிவு. அதுவரை வெளியில் சொல்லக்கூடாது, நமக்குள் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். என் கையைப் பிடித்துச் சரி என்றார்.

கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் இதுதான் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் பெரியவர்கள் செய்தது.

2011 ஆகஸ்ட் 22

ஸ்டிரைக். கார் சீட் தைக்கிற கம்பெனியில் ஐந்து வருடம் டிரெய்னி என்றே வைத்திருந்தால் என்ன செய்வார்கள்? நிரந்தரம் ஆக்கு, சங்கத்தோடு பேசு. இரண்டே கோரிக்கை. கேட்டுக்கு எதிரில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தாலும் கண்ணப்பண்ணன் பேச்சுதான். சங்கச் செயலாளர். அவர் பேசினால் மேனேஜரே ஜன்னலை மூடிக்கொள்கிறாராம்.

கோயிலில் பேர் வைப்பது தள்ளிப்போகிறது. போகட்டும்.

2011 செப்டம்பர் 11

எழுதித்தான் ஆகவேண்டும்.

குடும்பத்தோடு பந்தலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பிள்ளைக்கு ஜாஸ்மின் வாங்கித் தந்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு போனேன். ஆட்டோவில் இருந்து இறங்கும்போதே பிளெக்ஸ் கண்ணில் பட்டது. போராட்டப் பந்தலில் குழந்தைகளுக்குப் பெயர் சூட்டும் விழா.

"என்கிட்ட சொல்லவே இல்லியே" என்றேன். "சும்மா ஒரு சந்தோஷத்துக்குத்தான் செல்வி" என்றார்.

கோபம்தான் வந்தது. ஆனால் பந்தலுக்குள் போய் உட்கார்ந்ததும் கோபம் போய்விட்டது. ஏன் மறைக்க வேண்டும், ஆசை வந்தது. அத்தனை பேர், அத்தனை பொம்பளைகள், மைக் செட். இளவேனில் என்று மைக்கில் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். கோயிலைவிட இது நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்களுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள். பெற்றவர்கள் கண்ணப்பன் காதில் பேரைச் சொல்கிறார்கள், அவர் மைக்கில் சொல்கிறார். ஒரு பெண் "காவியான்னு வையிங்கண்ணா" என்றது எனக்கே கேட்டது. எங்கள் முறை வந்தது. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இவர் மேடைக்குப் போனார். நான் கீழே நின்றேன்.

"இந்தப் போராட்டத்துல பூத்த குழந்தைக்கு, தோழர் சக்திகுமார் மகளுக்கு, வெற்றிச்செல்வின்னு பேர் சூட்டறேன்."

கைதட்டல். விசில். கண்ணப்பன் தன் கழுத்துத் துண்டை எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்தினார். இவர் சிரிக்கிறார். போட்டோவுக்கு என்னையும் மேலே கூப்பிடுகிறார்கள். நானும் போய் நின்றேனே! பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேனே!

2011 செப்டம்பர் 12

ஏன் நம் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்டுத்தானே வைத்தார்?

"அண்ணன் கேக்கவே இல்ல செல்வி. மேடைல ஏறின ஒடனே அவுரு வாயில அந்தப் பேரு வந்துச்சு. மைக்ல சொன்ன பேர மாத்துங்கன்னு எப்டி சொல்றது?"

அதில் பாதி என் பேர்தானாம், நான் சந்தோஷப்பட வேண்டுமாம்.

சரி. கேட்கவில்லை என்றால் இவர் என்ன செய்வார். மேடையில் சண்டையா போட முடியும். நம்பிக்கொள்கிறேன்.

2011 செப்டம்பர் 25

தெருவே வெற்றி, வெற்றி என்கிறது. அத்தையும்தான். நான் மட்டும் இளவேனில் என்கிறேன். பிள்ளை யார் கூப்பிட்டாலும் சிரிக்கிறாள். அவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

2011 அக்டோபர் 14

ஸ்டிரைக் முடிந்துவிட்டது. கண்ணப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டார். நிரந்தரமும் இல்லை, சங்கமும் இல்லை. முன்வரிசையில் நின்றவர்களை உள்ளே எடுக்கமாட்டார்களாம், அதற்கும் அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். இவர் பேரும் அதில் இருக்கிறது. கண்ணப்பனுக்கு மட்டும் உள்ளே சூப்பர்வைசர் வேலை.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தெரிந்ததாம். வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சோறு கொண்டுபோய் வைத்தேன். பிள்ளையை ஆட்டிக்கொண்டே அத்தை, "வெற்றி, வெற்றிக்குட்டி" என்று கொஞ்சியதும் கத்தினார் பாருங்கள், "அந்தப் பேர சொல்லாதம்மா."

பாவமாகத்தான் இருந்தது. நடந்த துரோகம் சின்னதா?

2011 நவம்பர் 6

இரண்டு நாளாக இவர் பிள்ளையை இளவேனில் என்று கூப்பிடுகிறார். கறிக்கடையில், டீக்கடையில், எல்லாரிடமும், "என் பொண்ணு பேரு இளவேனில், வேற எதனா சொன்னா நடக்கறதே வேற" என்று சண்டைக்குப் போகிறாராம்.

நான் கேட்டபோது வராத பேர் இப்போது வருகிறது. எனக்குச் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும். இல்லை. அவர் வாயில் அது கண்ணப்பனைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. என் பிள்ளையின் பேர் மாதிரி இல்லை.

பிறப்புச் சான்றிதழில் பேர் இன்னும் எழுதாமல்தான் இருக்கிறது. நாளைக்கே போய் எழுதிவிடலாம் என்கிறார். பார்க்கலாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

2011 டிசம்பர் 3

நான் திரும்பப் போன் கம்பெனி லைனில் நிற்கிறேன். கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தில் ஏற்றிக்கொள்கிறது. பிள்ளையை அத்தை பார்த்துக்கொள்கிறார். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது.

2012 ஜனவரி 13

இன்றைக்குக் கண்ணப்பனைப் பார்த்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் பொங்கலுக்குக் கரும்பு வாங்கிக்கொண்டிருந்தார். பார்த்ததும் ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அவரே, "நல்லா கீறியா தங்கச்சி? கொழந்த எப்டி கீது?" என்றார். எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு வந்ததோ.

"கொழந்தைய பத்தி நீங்க கேக்காதீக அண்ணே. நாங்க ஆசையா வச்சிருந்த பேர சொல்லவிடாம உங்க பேர ஏத்திவிட்டீக, அப்பறம் எங்களையே கேட்டுக்கு வெளிய தள்ளிட்டீக. அந்தப் பிள்ளைய கூப்பிடும்போதெல்லாம் உங்க மொகம்லா ஞாபகம் வருது."

கடைக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். கண்ணப்பன் கோபப்படவில்லை.

"நீ வேற எத்த வேணாலும் சொல்லும்மா, கேட்டுக்கறேன். அது மட்டும் என் மேல போடாத. ரெண்டு நாளுக்கு மின்னாடியே சக்தி வந்து, நீங்களே ஒரு பேரு வெய்யிங்கண்ணான்னான். வூட்ல எதனா பாத்துவெச்சிகிறீங்களாடான்னு கேட்டேன். ஒண்ணும் இல்லண்ணா, யாரும் யோசிக்கவே இல்லன்னான்."

காய் வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

யாரும் யோசிக்கவே இல்லை.

2012 ஜனவரி 14

கேட்டேன். பொய் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"சங்க கமிட்டில ஒரு எடம் காலியா இருந்துச்சு செல்வி. அண்ணனே பேரு வெச்சா நம்ம மேல ஒரு இது இருக்கும்னு நெனச்சேன். நம்ம பேர சொன்னா அவுரு வெச்சதா ஆவாதுல்ல."

கமிட்டியில் இடம். வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்தாரே, அந்தக் கையைத்தான் கொண்டுபோய் அங்கே நீட்டியிருக்கிறார். கண்ணப்பன் சங்கத்துக்குச் செய்ததும் இவர் எனக்குச் செய்ததும் வேறு வேறா? அவன் நாற்பது பேரை விற்றான் என்று வாசலில் நின்று திட்டுகிறாரே, தன்னைக் கொஞ்சம் திட்டிக்கொள்ளக் கூடாதா?

வேறு எந்தப் பேரை வைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பேர் இல்லை என்று சொன்னாரே. நாங்கள் இரண்டு பேரும் யோசித்ததே இல்லை என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள். வாசல் தெளிக்கவில்லை.

2012 மார்ச் 2

அவருக்குத் தண்டலத்தில் ஒரு காலேஜ் பஸ் ஓட்டுகிற வேலை. இப்போதெல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறார். குழம்புக்குப் புளி வாங்கவும் கேட்கிறார்.

2012 ஆகஸ்ட் 19

இளவேனில் என்று நான் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. இன்றைக்குக் குளிப்பாட்டும்போது கவனித்தேன். "வெற்றி, கண்ண மூடு" என்றேன், மூடிக்கொண்டாள்.

அழுகை வந்தது. தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று.

2013 ஜூன் 10

பால்வாடியில் சேர்க்கப் போனோம். மூன்று பேரும். அவர் லீவு போட்டுவிட்டு, சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

சந்திரம்மாள் டீச்சர் பேனாவை எடுத்துக்கொண்டு, "கொழந்த பேரு இன்னாம்மா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நீ சொல்லு செல்வி. நீ இன்னா சொல்றியோ அதான்" என்றார். டீச்சருக்குக் கேட்கும்படி, சத்தமாக. நான் இளவேனில் என்பேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். முகத்தில் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பந்தல் நடக்கவில்லை, அவர் பொய் சொல்லவில்லை, நாங்கள் வேப்பமரத்தடியில் இருந்து நேராகப் பால்வாடிக்கு நடந்து வந்தோம் என்று ஆகிவிடும். அவர் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார்.

"வெற்றிச்செல்வி" என்றேன்.

டீச்சர் எழுதிக்கொண்டார். "நல்ல பேரு" என்றார்.

திரும்பி வரும்போது இவர் முன்னால் நடந்தார். ரேஷன் கடைப் பக்கம் நின்று, "ஏன் செல்வி?" என்றார்.

"மைக்ல சொன்ன பேர எப்படிங்க மாத்துறது" என்றேன்.

பிள்ளைக்கு இதில் நஷ்டம் இல்லை, அவளுக்கு அதுதான் பேர், அதற்குத்தான் திரும்புகிறாள். நஷ்டம் எனக்கு. நாங்கள் தேடிக் கண்டுபிடித்த பேரை நானே வெட்டிவிட்டேன். தெரிந்துதான் செய்தேன். அவர் ஆயுசுக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் மகளைக் கூப்பிட வேண்டும், சொல்லும்போதெல்லாம் கொஞ்சமாவது தைக்க வேண்டும். இது கெட்ட புத்தி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

2013 ஜூன் 23

ஜாஸ்மினிடம் சொன்னேன். "உனக்கு ரொம்ப நெஞ்சழுத்தம்டி" என்றாள்.

2013 ஜூலை 21

ஞாயிறு. எல்லாரும் வீட்டில். பிள்ளை வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். சோறு ஆறுகிறது, கூப்பிடுங்கள் என்றேன்.

ஒரு மாதமாகப் பேர் சொல்லாமல் சமாளிக்கிறார். "பாப்பா, சாப்ட வா" என்றார். அவள் திரும்பவில்லை. அங்கே விளையாடுகிற ஐந்தாறு பேரும் யார் வீட்டிலோ பாப்பாதான். இன்னொரு தடவை, "பாப்பா." நான் உள்ளே கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அத்தையும் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு, மெதுவாக, "வெற்றி" என்றார்.

ஓடி வந்தாள். மண் கையோடு தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. நான் நாலு தட்டிலும் சோறு போட்டேன்.