சவரி வேண்டாத கொண்டை

சனிக்கிழமை, இரவு

தனம் அக்காவுக்கு இன்று சவரிமுடி இல்லாமலே கொண்டை போட்டுவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். போன வருடம் பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் என் சலூனுக்கு வந்து, "முடி கொட்டுது, கழுத்தோட வெட்டிரு" என்றார். நான் வெட்டவில்லை. விடியற்காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு முடிந்து, துணியை இறுக்கிக் கட்டிப் பனியில் மலை ஏறினால் முடி கொட்டாமல் என்ன செய்யும்? "சாயங்காலமே குளிங்க. நல்லா காய வச்சு, தளர்த்திப் பின்னுங்க" என்றேன். கோபித்துக்கொண்டு போனவர், எனக்கு முடி வெட்டவே தெரியாது என்று தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இன்று அவர் மகளுக்குக் கல்யாணம். பையில் சவரியோடு வந்தார். சீப்பை வைத்தால் நெற்றி ஓரமெல்லாம் புதுமுடி. சவரியைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்தேன்.

"நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன் லா" என்றார், மெதுவாக.

"அதையும் லைன்ல சொல்லுங்க அக்கா."

மண்டபத்தில் பார்த்தேன். வந்தவர்களிடமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நானும் தலைக்குக் குளித்தேன். டிரையர் கடையில் இருக்கிறது. அக்காவிடம் அத்தனை பேசிவிட்டு ஈரத்தோடு எப்படிப் படுப்பது? எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் காயவில்லை.