கரையில் கை அசைத்தவர்கள்

அஸ்வான் படித்துறை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் தையிபுக்கு,

உன் தந்தை பஸ்தாவி எழுதுவது. அல்லாஹ்வின் அமைதி உன்மேல் இருக்கட்டும். உன் அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டிலிருந்து போனில் பேசினால் அவள் காதில் விழும், எங்கிருந்து பேசினாலும் நான் கத்திவிடுவேன். அதனால் எழுதி, நீ இருக்கும் கெய்ரோவுக்கு விடுப்பில் வரும் நம் படகுச் சமையல்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

புதிய குழு ஏறிவிட்டது. ஆறு பேர், எல்லாரும் வயதானவர்கள். உன் இடத்துக்கு வந்திருக்கும் வழிகாட்டி நல்லவன்தான், உன்னளவு பேச்சு இல்லை. எல்-கப் கல்லறைகளில் நீ பேசினால் நானே வாசலில் நின்று கேட்பேன். செத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் என்னென்ன மரியாதை செய்தார்கள் என்று அவ்வளவு அழகாகச் சொல்வாய்.

போன பயணத்தில் நீ அதைச் சொன்னதற்கு மறுநாள்தான் உன் பெரியப்பா அப்துர் ராதி போய்ச் சேர்ந்தார். எத்ஃபூ கோயில் முற்றத்தில் நீ நிற்கும்போது அவர் மகன் கினாவி உனக்குப் போன் செய்திருக்கிறான். 'விடியக்காலையில அப்பா போயிட்டாரு. சித்தப்பா வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம், சாயங்காலம் வரை வச்சிருக்கோம்' என்றானாம். 'சொல்லிடறேன், வந்துடுவாரு' என்று நீ பதில் சொல்லியிருக்கிறாய். பிறகு படகுக்கு வந்து, சார்ஜ் போடுகிறேன் என்று என் போனை வாங்கிக்கொண்டு போனாய்.

அன்று நைலில் நல்ல வடகாற்று. இரண்டு பாயும் விரித்து நம் ஊரைத் தாண்டியபோது கரை முழுக்க ஆட்கள். கினாவி தலைப்பாகையை அவிழ்த்து வீசி வீசிக் காட்டினான். எனக்கு என்ன தெரியும்? 'நம்ம பயலுங்க, என்னைப் பார்த்துட்டானுங்க' என்று பெருமையடித்துக்கொண்டு நானும் கையை ஆட்டினேன். ஏழு விருந்தாளிகளும் ஆட்டினார்கள். என் பக்கத்தில் நின்று நீயும் ஆட்டினாய், தையிப். பிணத்தை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டவர்களைப் பார்த்து ஆட்டினாய்.

சாயங்காலம் தீவோரம் படகைக் கட்டி, வழக்கம்போல் ஆட்டபாட்டம். என் அண்ணன் மண்ணுக்குள் போன நேரத்தில் நான் மேளம் கொட்டினேன். ஒரு அம்மாள் படம்பிடித்து இணையத்தில் போட, ஊரே பார்த்துவிட்டது. அஸ்வானில் கடைசி விருந்தாளி இறங்கிய பிறகுதான் நீ வாயைத் திறந்தாய். 'அவங்க சந்தோஷமா வந்திருக்காங்கப்பா, பயணத்தைக் கெடுக்க வேணாம்னு பாத்தேன். நீங்க போனா மட்டும் பெரியப்பா எழுந்திருச்சு வந்துடுவாரா?' என்றாய். எனக்குப் பதிலாகச் சுக்கான் பிடிக்க நம் படகாள் ஃபிக்ரி இருந்தான். பின்னால் சின்னப் படகு கட்டியிருந்தது. கால் மணி நேரத்தில் கரைக்குப் போயிருப்பேன்.

இழவுப் பந்தலில் கினாவி என்னை வழிமறித்தான். 'சித்தப்பா, தையிப் உங்ககிட்ட சொன்னானா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க' என்றான். பெண்கள் பக்கத்தில் அவன் தங்கை, உனக்கு நிச்சயித்த நஜாத் நின்றிருந்தாள், விரலில் நீ போட்ட மோதிரத்தோடு. இல்லை என்றிருந்தால் அங்கேயே கழற்றி எறிந்திருப்பாள். 'சொன்னான். நான்தான் படகை விட்டு வரல' என்று சொல்லிவிட்டேன். துக்கம் கேட்க வருபவர்களுக்குக் கை கொடுக்கும் வரிசையில், தம்பி நிற்க வேண்டிய இடத்தில், என்னை நிற்க விடவில்லை. கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். துக்கத்துக்குக் கொடுக்கும் சர்க்கரை போடாத காப்பி எல்லோருக்கும் வந்தது, என்னைத் தாண்டிப் போனது. உன் அம்மாவும் அதையே நம்புகிறாள். சோற்றை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போகிறாள்.

நேற்று கினாவி ஆள் அனுப்பியிருந்தான். நாற்பதாம் நாள் கழிந்ததும் ஆரவாரமில்லாமல் நிக்காஹ். நீ வரலாம், அம்மா வரலாம், நான் மட்டும் வரக்கூடாதாம். சரி என்று சொல்லியனுப்பினேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. என் உடன்பிறந்தவன் முகத்தை நான் பார்க்கவில்லை, அது உன்னால்.

ஆனாலும் நீ என் மகன். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நிறைந்த வாழ்வும் நல்ல பிள்ளைகளும் தரட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்றைக்காவது நஜாத் தன் அப்பாவை நினைத்து அழுது என்னைச் சபிப்பாள். அப்போது அவளோடு சேர்ந்து நீயும் தலையாட்டாதே. பேசாமல் இரு. அது உனக்கு நன்றாக வரும்.

இப்படிக்கு,
உன் தந்தை
பஸ்தாவி