முதல் வீடு, பிறகு மணி

கார்த்திகை, திங்கட்கிழமை

அன்புள்ள லவீனா அக்காவுக்கு, கரையிலை இருந்து பிறின்சியா எழுதிறன்.

உங்கடை அப்பா நாலாவது தரமும் கடற்றொழில் சங்கத் தலைவராப் போட்டியே இல்லாமல் வந்திட்டார் அக்கா, ஒரு கை கூட எதிர்த்து எழும்பேல்லை, எங்கடை கரையிலை இப்பிடி ஒருத்தருக்கும் முந்தி நடந்ததில்லையாம்!!!

பாத்தியளே, போஸ்ட் போடுறமாதிரித் தொடங்கிப்போட்டன். பழகிப்போச்சு. என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. கோயிலுக்குப் பின்பக்கத்து நெல்சன்ரை மூத்த மகள். நீங்கள் கனடாவுக்குப் போகேக்கை உங்கடை சிவப்புச் சைக்கிளை எனக்குத்தான் தந்திட்டுப் போனனீங்கள். எனக்கு இப்ப இருபத்திரண்டு வயது. உங்கடை அப்பா சிமியோன் மாமாவின்ரை பேஸ்புக் பேஜை நடத்திறது நான்தான். வீடியோ வெட்டுறது, எழுத்து ஓட விடுறது, எல்லாம் யூடியூப் பாத்து நானாப் பழகினது. பேஜுக்கு முதல் 'அலைகளின் அரசன்' எண்டுதான் பேர் வைச்சனான். மாமா பாத்திட்டு, அலை என்ரை சொல்லைக் கேட்டா நான் ஏன் பிள்ளை எஞ்சினுக்கு எண்ணெய் அடிக்கிறன் எண்டு கேட்டார். அதோடை பேரை மாத்தினன்.

எனக்கு அவரிலை சரியான விருப்பம் அக்கா. மற்றப் பிள்ளையள் நடிகர்மாருக்கு ரசிகர், நான் உங்கடை அப்பாவுக்கு. அவர் எழும்பினா நூற்றி நாப்பது ஆம்பிளையள் வாயை மூடுவினம். அரசாங்கக் கந்தோரிலை குரலை உயர்த்தாமல் கதைப்பார், அங்கை இருக்கிற பெரியவை தங்கடை கதிரையை விட்டு எழும்புவினம். அதெல்லாத்தையும் எடுத்து, ஸ்லோமோஷன் போட்டு, பின்னாலை மியூசிக் போட்டு விடுறதுதான் என்ரை வேலை.

இதை மெசேஞ்சரிலை அனுப்பியிருக்கலாம். ஆராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்தாச் சரி, ஊருக்கே போயிடும். அதாலைதான் கொப்பித்தாளிலை எழுதி, கனடாவிலை இருந்து லீவிலை வந்து நிக்கிற ஜெறோம் அங்கிளிட்டைக் குடுத்து விடுறன். வியாழக்கிழமை அவருக்குப் பிளேன்.

முதல் அந்தக் கூட்டத்தின்ரை மிச்சக் கதையைச் சொல்லுறன். எதிர்த்துக் கை எழும்பேல்லை எண்டது உண்மை. கைதட்டவும் ஒருத்தரும் இல்லை. வந்த அதிகாரி, வேறை ஆரும் பேர் குடுக்கிறியளோ எண்டு மூண்டு தரம் கேட்டார். எல்லாரும் தங்கடை செருப்பைப் பாத்துக்கொண்டு இருந்தினம். முடிஞ்ச உடனை றோல்ஸையும் பிளேன்ரீயையும் வாசலிலையே எடுத்துக்கொண்டு போட்டினம். நான் எடுத்த போட்டோவிலை மாமாவுக்கு ரண்டு பக்கமும் வெறுங்கதிரை. அதுகளை வெட்டிப்போட்டுத்தான் பேஜிலை போட்டனான். அறுநூறு லைக். நீங்களும் ஒரு இதயம் போட்டிருந்தியள். அதைக் கண்ட பிறகுதான் இந்தக் கடிதம் எழுதாமல் இருக்க ஏலாமப் போச்சு.

சுபாஸ் அண்ணை கடலிலை காணாமப் போனது உங்களுக்குத் தெரியும். ஐப்பசி முதல் கிழமை. போட் மட்டும் தனிய மிதந்து வந்தது, வலை பாதி உள்ளை, பாதி வெளியிலை. எங்கடை வழமையும் உங்களுக்குத் தெரியும். ஒராள் கடலிலை இருந்தா மற்றவை தொழிலுக்குப் போறேல்லை. எல்லாப் போட்டும் தேடுறதுக்குத்தான். ஆள் கிடைக்கோணும், இல்லாட்டித் தலைவர் தன்ரை வாயாலை போதும் எண்டு சொல்லோணும். சொல்லுறதுக்கும் ஒரு முறை இருக்கு. தலைவர் தனிய நடந்து அந்த வீட்டை போய், வாசலிலை நிண்டு, பெஞ்சாதிக்கு நேரை சொல்லோணும். பிறகு வந்து கோயில் மணியைத் தானே அடிக்கோணும். முதல் வீடு, பிறகு மணி. எனக்கு நினைவு தெரிஞ்சு இதுதான் முதல் தரம். மணி அடிப்பினம் எண்டு மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தன். முதல் வீட்டை போகோணும் எண்டது அப்ப தெரியாது.

அஞ்சு நாள் தேடினவை. நேவியும் தேடினது. நீரோட்டம் கிழக்கை இழுக்குது எண்டு தொண்டைமானாற்றுப் பக்கத்திலை இருந்து பொன்னம்பலம் ஐயா எண்டவர் பதினாலு போட்டோடை வந்து நிண்டார், சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைச்சுப்போட்டு. ஒரு செருப்புக் கூடக் கிடைக்கேல்லை. அஞ்சாம் நாள் பின்னேரம் சங்கத்திலை எல்லாரும் கூடிச்சினம். நிப்பாட்டுவம் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. ஆனா அடுத்தநாள் தேடப் போறதுக்கு ஒருத்தரும் எண்ணெய் அடிக்கவும் இல்லை. மாமா யன்னலாலை வெளியிலை வரிசையா நிண்ட போட்டுகளைப் பாத்தார், வெறும் எண்ணெய்க் கான்களைப் பாத்தார். பிறகு, நாளைக்குத் தொழிலுக்குப் போங்கோ எண்டார். அவ்வளவுதான். வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

நான் மூலையிலை நிண்டனான். என்ரை தலைவர் எவ்வளவு பெரிய முடிவை எடுத்திருக்கிறார் எண்டு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. அதிலை நிண்டபடியே பேஜிலை போட்டன். தேடல் நிறைவு, தலைவர் அறிவிப்பு, நாளை தொழிலுக்குத் திரும்புவோம் எண்டு. கீழை கைகூப்பிற படமும் போட்டன்.

டிலக்ஷி அக்கா, அதுதான் சுபாஸ் அண்ணையின்ரை மனிசி, அவவின்ரை போனுக்கு அது பதினொரு நிமிசத்துக்குள்ளை போய்ச் சேந்திட்டுது. நேரத்தைப் பிறகு நான் பாத்தனான். மாமா அவ வீட்டுக்குப் போறதுக்குள்ளை அவ செருப்பும் இல்லாமல் ஓடி வந்திட்டா. கோயில் மூலையிலை ரண்டு பேரும் நேருக்கு நேர். சங்கத்தாலை வந்த சனம் முழுக்கப் பின்னாலை. என்ரை மனிசன் முடிஞ்சுதெண்டு எனக்குப் போன் சொல்லோணுமோ, ஆர் போட்டது இதை எண்டு கத்தினா.

போன் என்ரை கையிலைதான் இருந்தது அக்கா.

மாமா என்ரை பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. நான்தான் போடச் சொன்னனான் பிள்ளை எண்டார். டிலக்ஷி அக்கா அழேல்லை. தூக்கின கையாலையே மணி அடிக்கப் போறியளோ, போய் அடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வழியை விட்டா. எனக்கு அது அப்ப விளங்கேல்லை. ஏதோ ஏச்சு எண்டு நினைச்சன். மாமா போய் மணியை அடிச்சார். கயிறை விட்டாப் பிறகும் கொஞ்ச நேரம் கையை மேலை வைச்சபடி நிண்டார்.

அடுத்தநாள் எல்லாரும் தொழிலுக்குப் போச்சினம். மீன் பட்டது. வயிறு நிறைஞ்ச பிறகு கதை மாறிப்போச்சு. தலைவர் அவசரப்பட்டிட்டார், இன்னும் ரண்டு நாள் தேடியிருக்கலாம் எண்டு தேத்தண்ணிக் கடையிலை சொல்லீனம். எண்ணெய் அடிக்காதவைதான் கூடச் சொல்லீனம். தலைவருக்கு இப்ப போன் பெரிசு, சனம் சின்னன் எண்டு என்ரை அப்பாவே சொன்னார். நான் சோத்தைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். தொழிலை நிப்பாட்டுறதும் இவர்தான், திரும்பத் தொடக்கிறதும் இவர்தான், அப்ப குற்றமும் இவருக்குத்தானே எண்டு ஒராள் சிரிச்சுச் சொன்னார். ஆனா வேறை ஆரும் தலைவரா வர ஆயத்தமில்லை. அடுத்த தரம் அந்த வாசலிலை போய் நிக்கிறது ஆர்? அதுதான் அக்கா உங்கடை அப்பா போட்டியில்லாமல் வந்த கதை.

இப்ப அவரின்ரை வீட்டுக்கு ஒருத்தரும் போறேல்லை. உங்கடை அம்மா அருமைநாயகி மாமி இருந்த காலத்திலை அந்தப் படலை பூட்டினதே இல்லையாம். போன கிழமை ஞாயிறு பூசை முடிய, பழைய போட்டோ கேட்டு நான் போனனான். அவர் முன்னாலை விறாந்தையிலை உங்களோடை போனிலை கதைச்சுக்கொண்டு இருந்தார். ஓம் பிள்ளை, எல்லாம் சுகம், இஞ்சை ஆக்கள் வந்திருக்கினம், பிறகு கதைக்கிறன் எண்டு வைச்சார். பக்கத்திலை ரேடியோவைப் பலமாத் திறந்து விட்டிருந்தார். வீட்டிலை ஒருத்தரும் இல்லை அக்கா. நான் கூட அப்பதான் படலையைத் திறந்தனான்.

என்னைக் கண்டவுடனை ரேடியோவை நிப்பாட்டினார். பிளேன்ரீ போட்டுத் தந்தார். சீனி கேக்காமலே மூண்டு கரண்டி போட்டார், சின்னனிலை நான் அப்பிடித்தான் குடிக்கிறனான் எண்டு அவருக்கு ஞாபகம். நான் அழுது, அண்டைக்குப் போட்டது நான் எண்டு ஊருக்குச் சொல்லப்போறன் மாமா எண்டன். நீ சொன்னா உன்னை ஏசுவினம், உனக்கு இருபத்திரண்டு வயசு, கனகாலம் இருக்கோணும், எனக்கு ஏச்சு வேண்டுறதுதானே வேலை எண்டார். பகிடி மாதிரித்தான் சொன்னவர்.

பிறகு ஒரு பிஸ்கற் பெட்டியைத் தந்தார், உள்ளை போட்டோக்கள். அதிலை ஒண்டு ஞானஸ்நானப் படம். மீசை வைச்ச இளம் ஆள் ஒருத்தர் வெள்ளை உடுப்போடை ஒரு குழந்தையைத் தூக்கி வைச்சிருக்கிறார். பின்னாலை சுபாஸ் எண்டு எழுதியிருக்கு, திகதியோடை. உங்கடை அப்பாதான் சுபாஸ் அண்ணைக்கு ஞானத்தகப்பன். உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாது. டிலக்ஷி அக்கா அண்டைக்குச் சொன்ன அந்தக் கை எதெண்டு அப்பதான் விளங்கினது. இந்த ரண்டு மாதத்திலை ஒருத்தராவது அவரிட்டைப் போய், உங்களுக்கும் ஒரு பிள்ளை போயிட்டுது எல்லே எண்டு கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. நான் அவரின்ரை நடையை ஸ்லோமோஷனிலை போட்டுக்கொண்டு திரிஞ்சனான்.

இனித்தான் நான் எழுத வந்த விசயம்.

மாமா தனியக் கடலுக்குப் போறார். தொழிலுக்கில்லை. எல்லாரும் கரைக்கு வந்து, வலை தட்டி, வீட்டை போன பிறகு, நாலு மணிபோலை தன்ரை சின்னப் போட்டைத் தள்ளுறார். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கிழக்கை பாத்துப் போறார், பொழுது படத்தான் திரும்பி வாறார். நான் பின்னேர வெளிச்சத்திலை வீடியோ எடுக்கப் போய்த்தான் கண்டனான். ஒரு நாளில்லை, ஒன்பது நாள் எண்ணிப்போட்டன். தனிய ஒருத்தரும் கடலுக்குப் போகப்படாது எண்டு சட்டம் கொண்டுவந்ததே அவர்தான், அந்த வீடியோவும் என்ரை பேஜிலை கிடக்கு. கேட்டதுக்கு, எஞ்சினை ஓட்டிப் பாக்கப் போறனான் எண்டார். பிறகு, இதைப் போட்டிடாதை பிள்ளை எண்டார். நான் போடேல்லை.

இப்ப வாடைக்காத்துத் தொடங்கிட்டுது, கடல் பொல்லாது அக்கா. சனிக்கிழமை இளம் பெடியளே போட்டை இறக்கேல்லை. மாமா இறக்கினார். நனைஞ்சு, நடுங்கிக்கொண்டு வந்தார். அறுபத்திமூண்டு வயசு. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை குடுத்த பிரசர் குளிசையை ஒழுங்காப் போடுறதில்லை, பெட்டி அப்பிடியே அலுமாரிக்கு மேலை கிடக்கு.

இதை எழுதத் தொடங்கேக்கை ஒண்டு யோசிச்சன். இந்தத் தரமாவது முதல் வீட்டுக்குப் போவம் எண்டு. கடிதத்தை இடையிலை விட்டிட்டு இண்டைக்குக் காலமை டிலக்ஷி அக்கா வீட்டை போனனான். வாசலிலை நிண்டு, போட்டது நான்தான், மாமா சொல்லேல்லை எண்டன். அவ உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு இருந்தா, சின்னவன்ரை பள்ளிக்கூடச் சேட்டு. நிமிரேல்லை. எனக்குத் தெரியும், அண்டைக்கு உன்ரை கையிலை போன் இருந்ததைக் கண்டனான் எண்டா. அப்ப ஏன் மாமாவை ஏசவிட்டனீங்கள் எண்டு கேட்டன். உன்னை ஏசி எனக்கு என்ன கிடைக்கும் எண்டா.

பிறகு நான், மாமா பின்னேரத்திலை தனியக் கடலுக்குப் போறார், நீங்கள் ஒருக்காச் சொன்னாக் கேப்பார் எண்டன். அதுக்குத்தான் நிமிர்ந்து பாத்தா. அதுவும் தெரியும், பின்வளவிலை நிண்டு ஒவ்வொரு நாளும் பாக்கிறனான் எண்டா. ஒராளாவது இன்னும் தேடுதே பிறின்சி, அதை நான் எந்த வாயாலை நிப்பாட்டச் சொல்ல எண்டு கேட்டுப்போட்டு, சேட்டைப் பிழியத் தொடங்கினா.

அவவிலை எனக்குக் கோவம் இல்லை. நானெண்டாலும் அப்பிடித்தான் பாத்துக்கொண்டு நிப்பன். ஆனா விளங்குதே அக்கா, இஞ்சை அவரை மறிக்க ஒருத்தரும் இல்லை. சனத்துக்கு அக்கறை இல்லை. டிலக்ஷி அக்காவுக்கு மனமில்லை. என்ரை சொல்லு அவருக்குச் சின்னப்பிள்ளைக் கதை. எல்லாருக்கும் போதும் எண்டு சொன்ன மனிசனுக்கு, போதும் எண்டு சொல்ல ஆள் இல்லை.

அதாலை உங்களை ஒண்டு கேக்கிறன். இந்தக் கடிதத்தைப் பாரிஸிலை இருக்கிற உங்கடை சகோதரம் றஞ்சித் அண்ணைக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. ரண்டு பேரும் சேந்து, நாள் பிரிச்சு, எங்கடை நேரம் பின்னேரம் நாலு மணிக்கு அப்பாவுக்குப் போன் எடுங்கோ. உங்களுக்கு அது விடியக்காலமை அஞ்சரை, கஷ்டம்தான், தெரியும். றஞ்சித் அண்ணைக்கு மத்தியானத்துக்குக் கிட்ட. பொழுது படுமட்டும் போனை வைக்காதையுங்கோ. உங்களோடை கதைச்சுக்கொண்டு அவர் போட் தள்ளமாட்டார். சங்கத்தைப் பற்றிக் கேக்காதையுங்கோ. சுபாஸ் அண்ணையைத் தூக்கின அண்டைக்கு மழையோ வெயிலோ எண்டு கேளுங்கோ.

மாதா உங்களையும் பிள்ளையளையும் அந்தக் குளிரிலை காப்பாத்தட்டும். இஞ்சை எங்கடை மனிசனையும் காப்பாத்தட்டும்.

ஆக்கள் வந்திருக்கினம், பிறகு கதைக்கிறன் எண்டு சொல்லுவார். நம்பாதையுங்கோ அக்கா. ஆர் இருக்கினம், போனை ஒருக்காக் குடுங்கோ எண்டு கேளுங்கோ. ஒருத்தரும் இருக்கமாட்டினம். ஆரும் இருந்தா அது நான்தான், நான் இனி நாலு மணிக்கு அங்கை போய் இருக்கப்போறன்.

உங்கடை பதிலைப் பாத்துக்கொண்டிருக்கும்,
சிவப்புச் சைக்கிள் பிறின்சியா